மூக்குக் கண்ணாடியின் பலனை நிறுத்துப் பார்த்தார்கள்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண் மருத்துவ ஊழியம் என்றாலே உங்களில் பலருக்கு அறுவை சிகிச்சைதான் நினைவுக்கு வரும். கட்டு அவிழ்த்ததும் பேரனை அடையாளம் காணும் பாட்டியின் படத்தைப் பார்த்தாலே காணிக்கை கொடுக்கத் தோன்றும். இன்று நாங்கள் பேச வந்திருப்பதோ அப்படிப் படம் பிடிக்க முடியாத ஒரு குறையைப் பற்றி. அதுதான் வெள்ளெழுத்து, சாளேசுரம் என்றும் சொல்வார்கள்.

நாற்பது வயதைத் தாண்டும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப் போகிறது. தூரத்தில் வரும் பஸ் தெரியும். ஊசியில் நூல் கோக்க முடியாது. வேதப்புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசிப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்! உலகில் 82.6 கோடிப் பேர் இதற்குரிய கண்ணாடி இல்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

"வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசிக்கும் கண்ணாடி எதற்கு?" என்று எங்களைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 2017-ல் நடந்த ஓர் ஆராய்ச்சி பதில் தருகிறது.

கொழுந்து பறிப்பவர்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை, சீட்டுப் போடுவதுபோல, இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 376 பேருக்கு உடனே இலவசக் கண்ணாடி. மீதி 375 பேருக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு. காத்திருக்க வைப்பது கடினமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரும் கண்ணாடி இல்லாமல் விடப்படவில்லை.

பிறகு 11 வாரங்கள், ஒவ்வொருவரும் நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடையைக் கணக்கெடுத்தார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் சராசரியாக 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவுக்கு உயர்ந்தார்கள். காத்திருந்தவர்களும் 26-லிருந்து 30.6 கிலோவுக்கு வந்தார்கள். கண்ணாடி இல்லாமலே எடை கூடியது எப்படி? அந்த மாதங்கள் கொழுந்து செழித்து வரும் காலம். இரண்டாவது குழு இல்லாதிருந்தால், மழை கொடுத்ததையும் கண்ணாடி கொடுத்ததாகவே எண்ணியிருப்போம். அதைக் கழித்த பிறகும் நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ மிச்சம், அதாவது 21.7 சதவீதம். வயது முதிர்ந்தவர்களுக்கும், கண்ணாடியை ஒழுங்காக அணிந்தவர்களுக்கும் பலன் இன்னும் அதிகம். கொடுத்த கண்ணாடி டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும் என்று பயப்படுவோர் கவனிக்க: முடிவில் 84.5 சதவீதம் பேர் அணிந்திருந்தார்கள்.

இது தோட்டத்துக்கு மட்டும் பொருந்துவதா? பங்களாதேஷ் கிராமங்களில் 824 பேரிடம் செய்த இதேபோன்ற ஆராய்ச்சியின் முடிவு 2024-ல் வெளியானது. எட்டு மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் மற்றவர்களைவிட 33.4 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கண்ணாடி கண்ணில் நீர் அழுத்தத்தைக் கண்டுபிடிக்காது, கண்புரையையும் நீக்காது. ஆகவே கண்ணைப் பரிசோதிக்காமல் பெட்டி பெட்டியாக வாங்கி விநியோகிப்பதை நாங்கள் விரும்புவதில்லை, அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. முகாமுக்கு வரும் நாற்பது வயதைக் கடந்த தாய்மாரிடம், தூரத்து எழுத்துப் பலகையைக் காட்டியதோடு நிறுத்தாமல், "அரிசியில் கல் பொறுக்க முடிகிறதாம்மா?" என்றும் கேட்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களும் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.