நின்ற எழுதுகோல்



தேர்வுகள் முடிந்து, பாடநூல்களை ஒருபுறம் அடுக்கிவைத்து, நீங்கள் சற்றே இளைப்பாறும் காலம் இது. அந்நூல்களுக்கு அடியில் கிடக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகின்றேன். உங்களில் பலர் நாட்குறிப்பு எழுதும் நற்பழக்கம் உடையவர்கள். கண்டதும் கேட்டதும் மனத்தில் பட்டதுமாகிய செய்திகளை எழுதி வந்தீர்கள். படிப்பு நெருக்கியபோது அதனை மூடி வைத்தீர்கள். அது குற்றமன்று, படிக்க வேண்டிய காலத்தில் படிப்பதே மாணவர் கடமை. ஆனால், படிப்பு முடிந்த பின்னும் பலர் அந்நோட்டைத் திறப்பதில்லை. அதுவே என் கவலை.

ஏன் திறப்பதில்லை? முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவரிடையே வாழ்ந்த நான் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, விடுபட்ட நாள்களைக் கண்டு எழும் மலைப்பு. ஓராண்டுக் கதையை எழுதி முடித்த பின்னரே இன்றைய நாளை எழுத வேண்டும் என்று எண்ணி, நாளை நாளை என்று ஒத்திப் போடுகின்றனர். மற்றொன்று, கை பழகிவிட்ட நடை. ஈராண்டுகள் தேர்வுக்காகவே எழுதிய கை, தன் வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுதும்போதும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுக்கப் புகுகின்றது. படித்துப் பார்த்தால் அது தம் குரலாகத் தோன்றுவதில்லை. உடனே மனம் சோர்ந்துவிடுகின்றது.

நிறுத்திய எழுத்தினால் நேரும் இழப்பு யாது? இங்கிலாந்தில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் 1660 சனவரி முதல் நாளில் நாட்குறிப்புத் தொடங்கினார். 1665-இல் இலண்டனில் பரவிய கொள்ளை நோயையும், 1666-இல் அந்நகரை எரித்த பெருந்தீயையும் அதில் நேரில் காண்பது போலக் காண்கின்றோம். கண்பார்வை போய்விடுமோ என்று அஞ்சி, 1669 மே 31-ஆம் நாள் எழுதுவதை நிறுத்தினார். அவர் அஞ்சியவாறு பார்வை போகவில்லை. 1703 வரை வாழ்ந்தார். ஆனால், நிறுத்திய ஆறு திங்களுக்குள் அவர் மனைவியார் மறைந்தார். அப்பெருந்துயரைப் பற்றி அந்நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லை. 1683-இல் டாஞ்சியருக்குக் கப்பலேறியபோது பீப்ஸ் மீண்டும் ஒரு குறிப்பேடு எழுதினார். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளை நிரப்பிய பின்னரே எழுதுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் தாம் மறையும் காலம் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள ஏடுகளில் இடையிடையே பல நாள்கள் இல்லை. அதனால் அந்நூலின் பெருமை குறைந்ததா? இல்லை. அவர் இலக்கண நடையைத் தேடி அலையவுமில்லை; தம் கால வழக்கிலேயே எழுதினார். அக்காலத் தமிழர் பேச்சை இன்று ஆராய்வோர்க்கு அதுவே கருவூலமாயிற்று.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் பேச்சில் வரும் பழஞ்சொற்களை நோட்டில் குறித்து வந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பிற்காக அதனை நிறுத்தினாள். தேர்வு முடிவதற்குள் பாட்டி மறைந்தார். "ஐயா, இனி அந்த நோட்டை எழுதி என்ன பயன்?" என்று கேட்டாள். "நினைவில் நிற்பதை எழுது, அம்மா, நிற்கும் மட்டும் எழுது" என்றேன். முதல் நாள் அவள் எழுதியவை நான்கே வரிகள். பாட்டியின் வெற்றிலை உரல் எழுப்பும் ஓசையைப் பற்றியவை. பின்னர்த் தன் தாயிடமும் பெரியம்மாவிடமும் கேட்டுக் கேட்டு எழுதினாள். போன சொற்கள் யாவும் திரும்பவில்லை. எனினும், எஞ்சியவை அவளோடு நின்றன. காத்திருந்தால் அவையும் போயிருக்கும்.

ஆதலின், இளைஞர்களே, இன்றே அந்நோட்டை எடுங்கள். விடுபட்ட நாள்களுக்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். நினைவு வரும்போது அதில் குறித்துக் கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் இன்றைய தேதியை இட்டு ஐந்து வரிகள் எழுதுங்கள். இன்று கண்ட ஒரு பொருள், கேட்ட ஒரு பேச்சு போதும். வீட்டில் பேசும் சொல் வந்தால் அதனை மாற்றாதீர்கள். முதற் சில நாள்கள் தேர்வு நடையே வரும், வரட்டும். எழுத எழுத அது கழன்றுவிடும். இந்நோட்டிற்கு மதிப்பெண் இடுவார் எவரும் இலர்.

தேர்வுத்தாளில் நீங்கள் எழுதிய விடையைப் பல்லாயிரவர் எழுதியிருப்பர். உங்கள் தெருவையும் உங்கள் வீட்டாரையும் நீங்கள் கண்டவாறு எழுத உங்களையன்றி வேறொருவர் இல்லை. அதனை எழுதுங்கள்.