கண்மாய் நத்தையும் மாட்டின் குறட்டை நோயும்

(பசுவந்தனை கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய உரை)



சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய மாடு மூச்சுத் திணறிக் குறட்டைவிட்டு மெலியுமாயின், மாட்டின் பலனும் போய், தவணையும் தலைமேல் நிற்கும். அந்நோயைத் தரும் புழு, நத்தையின் மூலமாகவே பரவுகிறது.

1933-ம் வருஷத்தில், அப்போதைய சென்னை மாகாணத்தில், ஆனந்த நாராயண ராவ் என்னும் அறிஞர் இப்புழுவை ஆராய்ந்து பெயரிட்டார். மாட்டின் மூக்கு ரத்தக்குழாய்களில் வசிக்கும் இதன் முட்டைகள் சளியோடு தண்ணீரில் விழுகின்றன. பொரிந்த குஞ்சு, 'இண்டோபிளானார்பிஸ்' என்னும் தட்டைச் சுருள் நத்தையினுள் புகுந்து பெருகி, மீண்டும் வெளிவந்து, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்துச் செல்கிறது.

நத்தை இதற்குச் சும்மா இடங்கொடுப்பதில்லை. இதற்கு உறவானதும், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா முதலிய இடங்களில் மனிதருக்கு இவ்வினப் புழுவைப் பரப்புவதுமான 'பயோம்பலேரியா' நத்தையைச் சோதித்து அறிஞர்கள் கண்டது இதுவாகும்: நத்தையின் ரத்த அணுக்கள் புழுவைச் சூழ்ந்து, உறைபோல் மூடிக் கொல்லுகின்றன. ரத்தத்திலுள்ள சில புரதங்கள் புழுவின்மேல் ஒட்டி அதனைக் காட்டிக்கொடுக்கின்றன. முன்னொருமுறை புழு தாக்கிய நத்தை, அதே புழு மறுபடி வரும்போது அதிக வலிமையோடு எதிர்ப்பதும் உண்டு. பிறவியிலேயே அமைந்த எதிர்ப்புச் சக்தி சந்ததிக்கும் செல்லுகிறது.

அப்படியாயின் நோய் தானே ஒழியாதோ என்று கேட்பீர்கள். ஒழியாது. எல்லா நத்தைக்கும் அச்சக்தி சமமாக இல்லை. புழுவும் சளைத்ததன்று, நத்தையின் உடற்பொருளைப் போன்ற போர்வையைப் பூண்டு, சில வேளை தப்பிவிடுகிறது. புழு புகுந்த ஒரே நத்தையிலிருந்து ஆயிரக்கணக்கான குஞ்சுகள் வெளிப்படக்கூடும். கண்மாய் வற்றினாலும் நத்தை சேற்றினுள் புதைந்து கிடந்து, மழை பெய்ததும் எழும்.

ஆகையால் காவல் நம்முடையதே. மாடுகளைக் கண்மாயில் இறக்காமல், தண்ணீரை இறைத்துத் தொட்டியில் காட்டுங்கள். பாசியும் செடியும் மண்டிய கரையில் குளிப்பாட்டாதீர்கள். எருமை பெரும்பாலும் குறட்டைவிடாமலே புழுவைச் சுமக்குமாதலால் அதனையும் விலக்கி வையுங்கள். குறட்டை கேட்டவுடன் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. அண்டை வீட்டு மாட்டின் சளி அதே தண்ணீரில்தான் விழுகிறது. தொட்டி கட்டுவதை ஊர்ப் பொதுக் காரியமாக இச்சங்கம் மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.