சீசாவும் ஈயமும்



தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம் போன்றோர் பலருடைய சமையலறையில், ரசம் வைப்பதற்கென்றே ஓர் ஈயச் சொம்பு இருக்கும். பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசிக்கொள்வதும் நம் வழக்கமே. சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில், கலாய் பூசும் தொழிலாளி ஒருவரிடம் ஒரு பித்தளைத் தவலையைக் கொடுத்தேன். ஈயத்திற்கு அகராதியில் கண்ட இந்திச் சொல்லை நம்பி, 'சீஸா' பூசித் தருமாறு கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "சீஸாவா? அது விஷமாயிற்றே! நான் பூசுவது ராங்கா அல்லவா?" என்றார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அன்று நல்லதொரு பாடம் கிடைத்தது.

தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைச் சுட்டுகிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசச் சொம்புக்கும் கலாய்க்கும் உரியது வெள்ளீயம். காரீயமோ நச்சு உலோகம். இந்திக்காரர் காரீயத்தைச் சீஸா என்கின்றனர். நாம் சீசா என்றால் புட்டி என்று பொருள் கொள்கிறோம். விந்தை யாதெனில், சில புட்டிகளிலும் கண்ணாடித் தம்ளர்களிலும் அந்தக் காரீயமே இருப்பதுண்டு.

சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. அதில் காரீயம் சேர்ப்பதில்லை. காரீயம் இரு வழிகளில் கண்ணாடிக்குள் புகுகிறது. முதலாவது, 'கிரிஸ்டல்' எனப்படும் பளிங்குக் கண்ணாடி. 1674-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பார் இங்கிலாந்தில் இதற்கு உரிமை பெற்றார். காரீயப் பளிங்கில் 24 சதவிகிதமோ அதற்கு மேலோ காரீய ஆக்ஸைடு இருக்கும். ஒளியும் இனிய ஒலியும் அதனால் வருவனவே. 1991-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத்தகைய குடுவைகளில் திராட்சை மதுவை ஊற்றி வைத்தனர். லிட்டருக்கு 89 மைக்ரோகிராமாக இருந்த காரீயம், நான்கே மாதங்களில் 2,000-ஐத் தாண்டிற்று. அவ்வாண்டிலேயே, பளிங்குப் புட்டிகளில் குழந்தைகளுக்குப் பாலூட்ட வேண்டாமென அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இரண்டாவது வழி, கண்ணாடியின் மேல் தீட்டும் வண்ணம். காரீயம் கலந்தால் வண்ணப் பூச்சு குறைந்த வெப்பத்திலேயே உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியமும் சேர்ப்பதுண்டு. அது சிறுநீரகத்திற்குக் கேடு. 2017-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 72 வண்ணக் கண்ணாடிப் பாத்திரங்களில் 197 சோதனைகள் நடத்தினர். 139 சோதனைகளில் காரீயமும், 134 சோதனைகளில் காட்மியமும் காணப்பட்டன.

குழந்தையின் உடல், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது மூளையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்திற்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. புட்டியைக் கொதிநீரில் இட்டால் கிருமிகள் மாளும், உலோகம் நீங்காது.

இதைக் கண்டறிவது எவ்வாறு? கண்ணுக்கும் நாவுக்கும் தென்படாது. ஆய்வுக்கூடத்தில், 4 சதவிகித அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் நிரப்பி 24 மணி நேரம் வைத்து, அதில் கரைந்த உலோகத்தை அளக்கிறார்கள். வினிகரின் புளிப்பும் அந்த அமிலமே. புளிப்பு உலோகத்தைக் கரைக்கும் என்பது புளியிட்டுப் பித்தளை துலக்கும் நாம் அறியாததன்று. எக்ஸ் கதிர்க் கருவி பாத்திரத்தில் உள்ள உலோகத்தைக் காட்டும். எவ்வளவு கரையும் என்பதை அமிலச் சோதனைதான் காட்டும். வீட்டில் தேய்த்துப் பார்க்கும் குச்சிகளும் விற்கின்றன. அவை சிவந்தால் பாத்திரத்தை விலக்குக. சிவக்காவிடில் குற்றமற்றதென்று முடிவு கட்டலாகாது. காட்மியத்தை அவை காட்டுவதும் இல்லை.

ஆகவே குழந்தைக்குரிய புட்டியை வாங்கும்போது, அதன் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அம்முத்திரையின்றிப் பாலூட்டும் புட்டிகளை விற்கலாகாது. வாய் வைக்கும் விளிம்பருகே வண்ணம் தீட்டிய தம்ளர்களைக் குழந்தைகளுக்குக் கொடாதீர்கள். வண்ணம் உரியத் தொடங்கிய பாத்திரம் எவ்வளவு அருமையான பரிசாயினும் அலமாரியோடு நிற்கட்டும். அதைவிட எவர்சில்வர் தம்ளர் மேல். குழந்தையைப் பற்றி ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் கூறி இரத்தத்தில் காரீய அளவைச் சோதித்தறியலாம்.

இறுதியாக ஒன்று. கலாய் பூசச் சொல்லும்போதும் ரசச் சொம்பு வாங்கும்போதும் சொல்லில் கவனம் வேண்டும். தில்லியில் ராங்கா என்றும், மும்பையில் கதீல் என்றும், பெங்களூரில் தவர என்றும் கேளுங்கள். நம் வீட்டில் பேசும்போதும் வெறுமனே ஈயம் என்னாமல், வெள்ளீயம், காரீயம் என்று பிரித்தே சொல்வோம். பாட்டி சொல்லும் ஈயமும் மருத்துவர் எச்சரிக்கும் ஈயமும் ஒன்றல்ல என்பதை அடுத்த தலைமுறை அப்போதுதான் அறியும்.