குறைந்த செலவில் ஒரு வெப்பநோக்கி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பயிர்நிலங்களைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றிகளை, நில உரிமையாளரின் இசைவு பெற்றவர்கள் ஆண்டு முழுவதும், இரவிலும்கூட, வேட்டையாடலாம். தனியார் நிலங்களில் இதற்கு உரிமம் பெற வேண்டும் என்னும் விதியும் 2019 செப்டம்பரில் நீங்கியது. வெயிலில் புதருக்குள் படுத்துக் கிடந்து இருட்டிய பின் மேயவரும் இவ்விலங்கைக் காண, அதன் உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைப் படமாக மாற்றிக்காட்டும் வெப்பநோக்கியையே அங்குப் பலரும் நாடுகின்றனர்.

பழைய இரவுநோக்கி நிலவொளியைப் பெருக்கிக் காட்டுவது. வெப்பநோக்கிக்கோ ஒளியே வேண்டியதில்லை. அது உணரும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளக் கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி மறித்துவிடும் என்பதால், வில்லை ஜெர்மானியம் என்னும் விலையுயர்ந்த தனிமத்தால் செய்யப்படுகிறது. மூடிய வண்டிக்குள் அமர்ந்து கண்ணாடி வழியே பார்ப்பவருக்குப் பன்றி தெரியாமல் போவதும் இதனாலேயே, கருவியின்மேல் பிழையில்லை.

விளம்பரங்கள் முன்வைக்கும் தூரம் பெரும்பாலும் 'கண்டறியும் தூரம்', அதாவது ஏதோ ஒன்று நிற்கிறது என்று மட்டும் தெரியும் தூரம். 1958இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலின்படி, ஒரு பொருள் இருப்பதை அறிய அதன் குறுக்கே ஏறத்தாழ 2 படப்புள்ளிகள் போதும்; அது இன்னதென்று அடையாளம் காண 12 அல்லது 13 வேண்டும். ஆகவே, விளம்பரத் தூரத்தை ஆறால் வகுத்துப் பார்ப்பதே விவேகம். படப்புள்ளியின் அகலம் 12 மைக்ரோமீட்டராக உள்ள உணரியில், 60 செ.மீ. உயரமுள்ள பன்றியை 19 மி.மீ. குவியத்தூர வில்லை ஏறத்தாழ 80 மீட்டர் வரையிலும், 35 மி.மீ. வில்லை ஏறத்தாழ 145 மீட்டர் வரையிலும் அடையாளம் காட்டும். மின்னணுப் பெரிதாக்கம் இருக்கும் புள்ளிகளையே பெரிதாக்குமேயன்றிப் புதியவற்றைச் சேர்ப்பதில்லை.

ஈரமும் மூடுபனியும் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில், வெப்பநிலை வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாக உணரி பிரித்தறிகிறது என்பதைக் காட்டும் மில்லிகெல்வின் அளவையும் கவனிக்க வேண்டும். இவ்வெண் குறையக் குறையப் படம் தெளிவுறும்.

துப்பாக்கிமேல் பொருத்தும் வெப்பநோக்கியால் வயலைத் துழாவுபவர், இன்னதென்று அறியாத ஒவ்வொன்றின்மீதும் துப்பாக்கியை நீட்டுகிறார். அது பக்கத்து நிலத்துக் கன்றாகவோ மனிதராகவோ இருக்கலாம். எனவே, ஒன்று வாங்கவே பணமிருப்பவர் கையில் பிடித்துப் பார்க்கும் வெப்பநோக்கியை வாங்குவதே நல்லது. சுடுவதற்கு, விளக்கு பொருத்திய சாதாரணத் துப்பாக்கித் தொலைநோக்கி போதும்.