முழு நேரம் கொடுத்த மாலைகள்



இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆகியும் பிரிட்டனில் தட்டுப்பாடு தீரவில்லை. போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 ஜூலையில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு, பிபிசி ‘தேர்ட் புரோகிராம்’ என்ற புதிய சேவையைத் தொடங்கியது. இசை, நாடகம், கவிதை, தத்துவம், அறிவியல் என்று நள்ளிரவு வரை நீளும் ஒலிபரப்பு. வயிறு வாடிய காலத்திலும் மனத்துக்கு உணவு வேண்டும் என்று நினைத்தது பிபிசி.

மற்ற சேவைகளில் மணி அடித்தால் செய்தி வந்தாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. நாடகம் எவ்வளவு நேரம் கேட்டதோ, அவ்வளவு நேரமும் அதற்குக் கிடைத்தது.

1948 ஜனவரியில் இந்தச் சேவையில் கடவுள் உண்டா என்று இருவர் விவாதித்தார்கள். ஒருவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். மற்றவர் ஏசு சபைப் பாதிரியார் காப்பிள்ஸ்டன். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். கடைசிவரை இருவரும் உடன்படவில்லை, மரியாதையும் குறையவில்லை. 1951இல் கணிதவியலாளர் ஆலன் டியூரிங், கணினியால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்துப் பேசினார். இன்று உலகமே விவாதிக்கும் அந்தக் கேள்வியை, அன்று வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு.

1954 ஜனவரியில் கவிஞர் டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ நாடகம் ஒலிபரப்பானது. வேல்ஸ் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஒரு நாள் வாழ்க்கை, குரல்களாலேயே எழுந்து நின்றது. இரண்டரை மாதங்களுக்கு முன் இறந்துபோன கவிஞர் அதைக் கேட்கவில்லை. 1957இல் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் வானொலிக்கென்றே எழுதிய முதல் நாடகம் வந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் ஒரு மூதாட்டியின் கதை. அதற்கு வழக்கமான ஒலிகள் போதவில்லை. இத்தகைய தேவைகளும் மறு ஆண்டில் பிபிசி புதிய ஒலிகளை உருவாக்கும் ஒலிக்கூடம் ஒன்றை நிறுவக் காரணமாயின.

கேட்பவர்கள் குறைவு என்ற குறை தொடக்கம் முதலே இருந்தது. 1957இல் ஒலிபரப்பு நேரத்தைப் பெருமளவு வெட்டினார்கள். கவிஞர் டி.எஸ். எலியட் உள்ளிட்டோர் எதிர்த்துக் குரல் கொடுத்தும் பயனில்லை. 1970இல் அந்தப் பெயரே மறைந்து, சேவை பிபிசியின் ரேடியோ 3இல் கலந்தது.

அன்று சிலரே கேட்ட டிலன் தாமஸின் நாடகத்தை, பின்னர் எத்தனையோ நாடுகளில் மேடையேற்றினார்கள். அன்றைய எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் படைப்பு காற்றில் ஏறியிருக்காது. ‘இது மக்களுக்குப் புரியாது’ என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது, கேட்பவரைக் குறைத்து மதிப்பது. கடினமான ஒன்றை முழுதாகச் சொல்லி, புரிந்துகொள்ள நேரமும் கொடுப்பதுதான் மரியாதை. வாரத்தில் ஒரு மாலையாவது அப்படி வேண்டும் என்று வானொலி நிலையங்களிடம் கேளுங்கள், நேயர்களே. கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.