வலியை மறைக்காதீங்க, சொல்லுங்க!

(தென்காசி மாவட்டம் இலஞ்சியில் நடைபெற்ற புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாரல் அடிக்கிற நேரம். குற்றாலத்துல தண்ணி விழுது. அதை விட்டுட்டு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுதேன்.

நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஆபரேஷன் செய்த டாக்டரை எல்லாரும் ஞாபகம் வச்சிருப்பாங்க, எங்களை யாருக்கும் தெரியாது. நாங்க வரும்போது நீங்க தூங்கப் போறீங்க, நீங்க முழிக்கும்போது நாங்க அடுத்த ஆளைத் தூங்க வைக்கப் போயிருப்போம். ஆனா ஒண்ணு. உங்களைத் தூங்க வைப்பது மட்டும் எங்கள் வேலை இல்லை. ஆபரேஷன் நேரத்திலும் அதற்குப் பிறகும் வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலைதான்.

சில வருஷத்துக்கு முன்னால பீடி சுற்றும் ஒரு அக்காவுக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. மறுநாள் வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். "நாலு பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா டாக்டர்"னு சிரிச்சாங்க. நானும் நம்பிட்டேன். உண்மையில் வலிக்குப் பயந்து அவங்க இருமவே இல்லை, கட்டிலை விட்டு இறங்கவும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. பிழைத்துவிட்டார்கள். ஆனால் அடுத்து தொடங்க வேண்டிய கீமோதெரபி பல வாரம் தள்ளிப்போனது. அன்றைக்கு "கொஞ்சம் இருமிக் காட்டுங்க அக்கா" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தத் தப்பு இன்னும் என் மனசுல இருக்கு.

வலியைத் தாங்குவது வீரம் என்று நாம் நினைக்கிறோம். வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆனவருக்கு வலி இருந்தால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. சளி தங்கும். நடக்க முடியாது. நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறையலாம். தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடும். கடுமையான வலியைக் கவனிக்காமல் விட்டால், அது மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாக மாறவும் வாய்ப்பு உண்டு.

இப்போ நீங்க கேட்கலாம்: "வலியைக் குறைச்சா புற்றுநோய் திரும்ப வராதா?" இதற்கு நேர்மையான பதில் சொல்லணும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பாட்வே தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவின் 11 மருத்துவ மையங்களில், ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் உள்ள 1,600 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு, கட்டியை அகற்றுவதற்குச் சுமார் 7 முதல் 10 நிமிடம் முன்னால், கட்டியைச் சுற்றி லிடோகெயின் ஊசி போடப்பட்டது. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவாங்களே, அந்த மருந்துதான். மறுபாதிக்கு அந்த ஊசி இல்லை. மற்ற சிகிச்சை எல்லாம் ஒன்றுதான். 2023-ல் முடிவு வெளியானது. 5 ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி போட்டவர்களில் 90.1 சதவீதம், போடாதவர்களில் 86.4 சதவீதம். நூறு பேருக்கு ஏறக்குறைய நாலு உயிர். செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு!

கத்தி படும்போது கட்டியிலிருந்து செல்கள் கிளம்பி வேறு இடத்துக்குப் போகக்கூடும். இந்த மருந்து அந்தச் செல்களின் நடமாட்டத்தைத் தடுக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்க. 2019-ல் 8 நாடுகளின் 13 மருத்துவமனைகளில் 2,108 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு வெளியானது. மார்பு ஆபரேஷனுக்கு நரம்பை மரக்க வைக்கும் முறை, முழு மயக்கம் என இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புற்றுநோய் திரும்பி வந்தது இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், சுமார் 10 சதவீதம். ஆகவே எந்த வலி நிவாரணமும் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீங்க. டாடா ஆய்வின் முடிவும் முதலிலேயே ஆபரேஷன் செய்யும் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு மட்டுமே பொருந்தும். உங்களுக்குச் சரிவருமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

"மார்ஃபின் போட்டா பழக்கமாயிருமே" என்ற பயமும் பலருக்கு உண்டு. ஆபரேஷன் வலிக்கு, டாக்டர் கண்காணிப்பில், சில நாள் மட்டும் கொடுக்கும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு. பயந்து மறுத்துவிடாதீங்க.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் உங்களைப் பரிசோதிக்கும்போது எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாமை, குடி, புகை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எளிது.

2. "ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வலிக்கு என்ன கொடுப்பீங்க? ராத்திரி வலி கூடினால் யாரிடம் சொல்லணும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

3. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். இருமும்போது எத்தனை, நடக்கும்போது எத்தனை என்று நேரத்தோடு கைபேசியில் குறித்து, நர்ஸிடம் காட்டுங்கள்.

4. பணத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. உடல்நல ஆலோசனைக்கு 104.

5. வீட்டோடு படுத்திருக்கும் நோயாளி என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை வீட்டுக்கே வரும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியா ஒண்ணு. ஆபரேஷன் வலிக்குப் பயந்தே மார்பில் கட்டியை வச்சுக்கிட்டு மாசக்கணக்கா சும்மா இருக்கிற அக்காமார் நம்ம ஊர்லயும் இருப்பாங்க. அவங்ககிட்ட இன்னைக்கே போய்ச் சொல்லுங்க: "வலியைக் குறைக்க வழி இருக்கு. நானும் கூட வாறேன், வா போவோம்."