பஞ்சாய் விளையும் பள்ளம்



சங்கப் பாட்டில் பஞ்சாய், பைஞ்சாய் என்று வருமிடங்களில் 'ஒருவகைக் கோரை' என்று பொருள் தந்து நாம் அப்பால் போய்விடுகிறோம். மாணவர்கள் அதையும் சுருக்கிப் 'புல்' என்று எழுதுகிறார்கள். புல் என்று கொண்டால் இரண்டு நல்ல பாட்டுகள் பாழ்.

கோரை புல்லினம் அன்று. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் மூன்று பட்டையாக இருக்கும். புல்லுக்குள்ளதுபோல் கணுக்கள் இரா. வளைத்தால் சட்டென்று முறியாது. பத்தமடையில் கோரையும் மட்டக்களப்பில் பன்னும் பாயாவது இதனால்தான்.

அது வளருமிடத்தைச் சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணித் தோட்டங்களில் பார்க்கலாம். மேட்டில் தேயிலை. தேயிலை வேர் நீர் தேங்கினால் பொறாது; அதனால் சரிவில் நட்டுக் கான் வெட்டுகிறார்கள். அந்த நீரெல்லாம் இறங்கி ஊறி நிற்கும் சதுப்பில், கால் வைத்தால் புதையுமிடத்தில், கோரையினம். அடியில் ஈரமும் தலையில் வெயிலும் இருந்தால் போதும். மண்ணுக்குள் தண்டு படர்வதால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். (காய்ந்த மண்ணிலும் தலைகாட்டும் கோரைக்கிழங்கு இந்தக் குடும்பத்தின் அடங்காப் பிள்ளை. களையெடுத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

குறுந்தொகை 276இல் தலைவன், தலைவிக்காகத் தான் பட்ட பாட்டைச் சொல்கிறான். பாவை செய்து கொடுத்தானாம். பஞ்சாய் நிற்கும் பள்ளத்தைச் சுற்றினானாம். பள்ளம் என்பது அடியை நிரப்ப வந்த சொல்லன்று. அச்செடி எங்கே நிற்குமென்று புலவருக்குத் தெரியும். அவன் சேற்றில் உழன்றது நமக்கும் தெரிகிறது.

ஐங்குறுநூறு 155, அம்மூவனார் பாடியது, இதனினும் கடுமையானது. பரத்தையிடம் போன கணவனைத் தலைவி ஏற்க மறுக்கிறாள். பிள்ளைப்பேற்றுக்குரிய காலம் கழிகிறதே என்று தோழி நெருக்குகிறாள். நான்தான் ஏற்கெனவே பெற்றுவிட்டேனே, பைஞ்சாய்ப் பாவையை என்கிறாள் தலைவி. சிறுமியாக நீர்க்கரையில் பச்சைத் தண்டை வளைத்துக் கட்டிய பொம்மை அது. அதுவே எனக்குப் போதும் என்கிறாள். கோரையை அறியாதவருக்கு இது வேடிக்கைப் பேச்சாகப் படும்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, லயத்துக்குக் கீழேயுள்ள பள்ளத்திலிருந்து ஒரு பிடி கோரை கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை பாடம் முடிவதற்குள் மேசைமேல் மூன்று பாவைகள். திங்கட்கிழமை பார்த்தபோது மூன்றும் வாடித் தலை தொங்கிக் கிடந்தன. அன்றைக்குத்தான் 155ஆம் பாட்டை எடுத்தேன்.